தூர்த்த கிணறும் இரண்டு வீடுகளும்

மலையைக் குடைந்து ரயில் விடுகிறவர்கள் இந்த முனையில் ஒரு கூட்டம், அந்த முனையில் ஒரு கூட்டம் என்று தோண்டிக்கொண்டே வந்து நடுவில் சந்திப்பார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருப்போம். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் அவ்வளவு பொறுமை இல்லை. பாதை போகும் தடத்துக்கு நேர் மேலே, தரையிலிருந்து வரிசையாகக் கிணறுகள் வெட்டுவார்கள். ஒவ்வொரு கிணற்றின் அடியிலும் ஆட்கள் இறங்கி இரண்டு பக்கமும் குடைவார்கள். நான்கு கிணறு வெட்டினால் முனைகளில் நடப்பது போக இன்னும் எட்டு இடத்தில் வேலை ஓடும். வெட்டிய மண்ணும் கல்லும் அந்தக் கிணறுகள் வழியாகத்தான் மேலே வரும்.

சரி, வேலை முடிந்தபின் கிணறுகளை என்ன செய்வது? சிலவற்றைக் காற்றோட்டத்துக்கு விட்டுவைத்தார்கள். லண்டன்–பர்மிங்காம் பாதையில் ராபர்ட் ஸ்டீபன்சன் கட்டிய கில்ஸ்பி சுரங்கப்பாதையில் 60 அடி விட்டமுள்ள இரண்டு கிணறுகள் உண்டு. அவற்றின் வாய் தரைக்கு மேலே செங்கல் கோபுரமாக எழும்பி நிற்கிறது. அதன்மேல் வீடு கட்ட எவருக்கும் தோன்றாது! மிச்சக் கிணறுகளைத் தூர்த்துவிடுவார்கள். வினை அங்கேதான்.

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்விண்டன் என்று ஓர் ஊர். அங்கே 1850-ல் திறந்த கிளிஃப்டன் ஹால் சுரங்கப்பாதைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘பிளாக் ஹாரி’. நீளம் சுமார் 1,200 மீட்டர். அதைக் கட்ட வெட்டிய கிணறு ஒன்றை மண் கொட்டி நிரப்பினார்கள். பிறகு ஊர் வளர்ந்தது. கிணற்றின் தலைமேல் டெம்பிள் டிரைவ் என்ற தெருவின் வீடுகள் ஏறின. பாதையைப் பராமரித்த ரயில்வே ஆட்களுக்கே அப்படியொரு கிணறு இருப்பது தெரியாது.

பாதையின் கூரை செங்கல் வளைவு. அதற்கு ஒரு குணம் உண்டு. சுற்றிலும் சீராக அழுத்தினால் நூறு வருஷம் தாங்கும். உச்சியில் மட்டும் பாரத்தை ஏற்றினால் திணறும். கிணற்றில் கொட்டிய மண் பக்கத்து நிலத்தோடு சேர்ந்து இறுகாது. தளர்ந்தே கிடக்கும், ஈரம் கோக்கும். அந்த எடையெல்லாம் நேராக வளைவின் தலையில் வந்து உட்காரும்.

1953 ஏப்ரல் நடுவில் கூரையிலிருந்து செங்கல் உதிர்ந்து கிடப்பதை ரயில்வே ஆட்கள் பார்த்தார்கள். உடனே ரயிலை நிறுத்தினார்கள், இரும்பு வளையங்களால் முட்டுக்கொடுக்கும் வேலையும் தொடங்கியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணில் பட்டதற்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். தலைக்கு மேலே என்ன இருக்கிறதென்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ஏப்ரல் 28, விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில் கூரை விட்டுவிட்டது. கிணற்று மண் மொத்தமும் பாதைக்குள் கொட்ட, மேலே தரை வாய் பிளந்தது. ஒட்டிக் கட்டிய இரண்டு வீடுகள் அப்படியே உள்ளே போயின. ஐந்து பேர் இறந்தார்கள்.

கிணற்றைத் தூர்த்ததில் தப்பில்லை. எங்கே தூர்த்தோம் என்ற விவரம் பாதையைப் பார்த்துக்கொள்பவர்கள் கைக்கு வந்து சேராததுதான் தப்பு. அதன்பின் பிளாக் ஹாரியில் ரயில் ஓடவே இல்லை. பாதையையும் நிரப்பி மூடிவிட்டார்கள்.