குழியானையும் குடம்பியும்

நான்கு வயதுப் பிள்ளை முற்றத்திற் குந்தியிருந்து நெடுநேரம் எழும்பாவிட்டால், அங்கே ஏதோ ஒரு பூச்சி அகப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். 'சீ, தொடாதே' என்று இழுத்து வருவது எளிது. பக்கத்தில் தாமும் குந்துவது பெற்றோருக்குச் சற்றுக் கடினம். ஆயினும், திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களின் மணல் வளவுகளில் அதற்குத் தக்க பலன் உண்டு.

கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில், மழைத்துளி விழாத தாழ்வாரத்து ஓரங்களிற் புனல் வடிவான சிறு குழிகள் காணப்படும். அவை குழியானையின் வேலை. பின்புறமாகவே சுற்றி நகர்ந்து, தலையால் மணலை வீசியெறிந்து அது குழியை அமைக்கின்றது. வழிதவறிய எறும்பு கால் வைத்ததும் மணல் சரிகிறது. ஏற முயன்றால் அடியிலிருந்து மணல் மாரி பொழிகிறது. முடிவில் இரு கொடுக்குத் தாடைகள் அதனைப் பற்றிச் சாற்றை உறிஞ்சுகின்றன. புல்நுனியாற் குழியின் ஓரத்தை மெல்லச் சரித்தால், மணல் வீசப்படுவதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காணும்.

'இது வளர்ந்தால் யானையாகுமா?' என்பது அடுத்த கேள்வி. சிரித்துத் தள்ளவேண்டிய கேள்வியன்று அது. குழியானை ஒரு பூச்சியின் இளம் பருவமாகிய குடம்பியே. மணலையும் பட்டிழையையும் சேர்த்து உருண்டைக் கூடு கட்டி, உள்ளே உருமாறி, தும்பியைப்போல நீண்ட சிறகுகளுடன் வெளிவருகிறது. குடம்பியாயிருக்கும் காலம் முழுவதும் அது மலங்கழிப்பதில்லை என்னும் செய்தி, பிள்ளைகளுக்கு மற்றெல்லாவற்றினும் இனிக்கும்!

மாமரத்து முசுறும் பார்க்கத்தக்கதே. ஆனால் எட்ட நின்று. வளர்ந்த முசுறு தன் குடம்பியை வாயிற் கௌவி, அது சுரக்கும் இழையால் இலைகளை ஒட்டிக் கூடமைக்கிறது.

ஐப்பசியில் மாரி தொடங்கியதும் பிள்ளையின் கவனம் தண்ணீருக்குத் திரும்பும். சிரட்டை, கைவிட்ட டயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் நெளிபவற்றை அது மீன்குஞ்சு என்று எண்ணும். அவை நுளம்பின் குடம்பிகள். நிழல் பட்டதும் கீழே பாய்ந்து, வாற்புறக் குழாயால் மூச்சு வாங்க மீண்டும் மேலே வரும். இங்கே வேடிக்கை மட்டும் போதாது. 2017ஆம் ஆண்டின் முற்பகுதியிற் கிண்ணியாவில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவி உயிர்களைப் பலிகொண்டது. அவ்வாண்டில் இலங்கை முழுவதும் 180,000க்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர்.

கால்களில் வெள்ளைப் பட்டையுடைய ஈடிஸ் நுளம்பு, பகலிற் கடித்து அந்நோயைப் பரப்புகிறது. முட்டையிலிருந்து நுளம்பாக அதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே வேண்டும். ஆகையால், பிள்ளை காட்டிய தண்ணீரைப் பார்த்து முடிந்ததும் காய்ந்த மணலில் ஊற்றிவிட வேண்டும், குடம்பிகள் மாண்டுபோகும். பலர் அத்துடன் விட்டுவிடுகின்றனர். முட்டைகளோ நீர்மட்டத்திற்கு மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். உலர்ந்தபின்பும் பல மாதங்கள் உயிர்தாங்கி, அடுத்த மழைநீர் பட்டதும் பொரிக்கும். சிரட்டைகளைக் கவிழ்த்துவைக்கலாம், தொட்டியையும் வாளியையும் தேய்த்தே கழுவவேண்டும். தேய்க்கும் தென்னந்தும்பிற் பாதியைப் பிள்ளையின் கையிற் கொடுக்கலாம்.