பூனை மெலிதலும் அதன் காரணங்களும்

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள அமிர்தி முதலிய கிராமங்களில், சாமையும் கேழ்வரகும் சேமித்து வைக்கும் குடியானவர்களுக்கு எலிகளால் உண்டாகும் நஷ்டம் சொற்பமன்று. அவற்றை அடக்கி வைப்பது வீட்டுப் பூனையே. ஆயினும், மாடு ஒரு வேளை தீனி தின்னாவிடில் கவலையுறும் குடும்பத்தார், பூனை மாதக்கணக்காய் மெலிந்து வருவதைக் கவனிப்பதில்லை. அதன் ரோமம் மெலிவை மறைத்து விடுகிறது. முதுகெலும்பு கண்ணுக்குப் புலப்படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

ஆகவே, நிறுத்துப் பார்ப்பதே முதல் வேலை. பூனையை மூடியுள்ள கூடையிலிட்டுத் தராசில் நிறுத்து, வெறுங்கூடையின் எடையைக் கழித்து, மாதம் ஒரு முறை குறித்து வருதல் வேண்டும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு 400 கிராம் குறைந்தால், 60 கிலோ எடையுள்ள மனிதனுக்கு 6 கிலோ குறைந்ததற்கு அது ஒப்பாகும்.

அடுத்தபடியாக, பூனை இரை எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரையை முகர்ந்து விட்டு விலகுதல், எச்சில் வடிதல், வாய் நாறுதல் ஆகியவை பல் அல்லது ஈறு நோயின் குறிகளாகலாம். இரண்டு மூன்று நாள் முழுப் பட்டினி கிடந்தால், முக்கியமாய்க் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே அபாயம் நேரலாம். அதைத் தாமதியாது வைத்தியரிடம் கொண்டு செல்லல் வேண்டும்.

நன்றாய்த் தின்றும் மெலியும் பூனைக்கு வயிற்றில் பூச்சி என்று பலர் முடிவு செய்து விடுகின்றனர். எலியும் தெள்ளுப்பூச்சியும் பூனைக்கு நாடாப்புழுவைக் கொடுப்பது உண்மையே. மலத்தருகில் அரிசி மணி போன்ற துண்டுகள் காணப்படும். குட்டிகள் உருண்டைப் புழுக்களால் வயிறு பருத்து உடல் வாடும். ஆனால் வளர்ந்த பூனை நாடாப்புழுவினால் மட்டும் அதிகமாய் மெலிவது அரிது. புழு மருந்து கொடுத்த பின்னும் எடை குறைந்தால், வேறு காரணம் தேடுதல் அவசியம்.

பத்து வயது கடந்த பூனைகளில், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிகையாய் வேலை செய்வதால் பசி மிகுந்து உடல் இளைப்பதுண்டு. அமெரிக்க மிருக வைத்தியர்கள் 1979ஆம் ஆண்டில் இந்நோயை விவரித்தனர். இதற்கு மாத்திரை உண்டு. வழக்கத்திற்கு மேல் தண்ணீர் குடித்து, மிகுதியாய்ச் சிறுநீர் கழித்து மெலிந்தால், சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கலாம். இவற்றை இரத்தமும் சிறுநீரும் சோதித்தே அறிய முடியும்.

உணவையும் ஆராய்தல் வேண்டும். பூனை மாமிச பட்சிணி. சோறும் மோரும் மட்டும் அதற்குப் போதா. மீன், இறைச்சி முதலியன இன்றியமையாதன. அவற்றிலுள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால், பூனையின் கண்ணும் இருதயமும் கெடும்.

வீட்டிலுள்ள மருந்துகளைத் தாமாகக் கொடுத்தல் கூடாது. பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தும் அத்தகையதே.

மருந்தகத்திற்குச் செல்கையில் பூனையின் வயது, மாதவாரி எடை, இரை, குடிக்கும் தண்ணீர் ஆகியவற்றைக் குறித்துக் கொண்டு செல்க. வாய் பேசாத பிராணியின் நோயை வைத்தியருக்கு எடுத்துரைப்பது அந்தக் குறிப்பே.