புள்ளி மின்துகள்: புலமும் விசையும்

மெல்லிய வெள்ளிக் கம்பி ஒன்றில் கிடைமட்டமாகத் தொங்கும் ஓர் ஊசி. அதன் ஒரு முனையில் சிறிய நெட்டிப் பந்து. அதையொட்டி, நகராதபடி பொருத்தப்பட்ட இன்னொரு பந்து. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டத்தைக் கொடுத்தால் தொங்கும் பந்து விலகிச் செல்லும், கம்பி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கே விசையின் அளவுகோல். பிரெஞ்சு ராணுவப் பொறியாளரான சார்லஸ் கூலூம் 1785இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த முறுக்குத் தராசு இதுதான்.

அவர் தந்த அளவீடுகள் மூன்றே மூன்று. முதலில் பந்துகள் 36 பாகை விலகி நின்றன. கம்பியின் முறுக்கும் 36 பாகை. கம்பியின் மேல்முனையை 126 பாகை திருப்பியபோது விலகல் 18 பாகையாகக் குறைந்தது. மொத்த முறுக்கு 144. பிறகு 567 பாகை திருப்பினார். விலகல் எட்டரைப் பாகை, மொத்த முறுக்கு 575.5. தொலைவு ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைய, விசை 1, 4, 16 என்ற விகிதத்தில் ஏறியது. விசை தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் உள்ளது என்ற விதிக்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது. இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் இதற்கு முன்பே, உள்ளீடற்ற கோளங்களைக் கொண்டு இதே முடிவை இன்னும் நுட்பமாக எட்டியிருந்தார். ஆனால் அவர் அதை வெளியிடவில்லை. 1879இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் அவருடைய குறிப்புகளைப் பதிப்பித்த பிறகே உலகம் அதை அறிந்தது.

இன்றைய அலகுகளில் விதி இது: இரு மின்னூட்டங்களின் பெருக்கற்பலனைத் தொலைவின் இருமடியால் வகுத்து, ஏறத்தாழ 900 கோடி என்ற மாறிலியால் பெருக்கினால் விசை நியூட்டனில் கிடைக்கும். மின்னூட்டம் கூலூமிலும் தொலைவு மீட்டரிலும் இருக்க வேண்டும். மாறிலியின் அளவே ஒரு செய்தியைச் சொல்கிறது. ஒரு மீட்டர் இடைவெளியில் ஒரு கூலூம் வீதம் இரு மின்துகள்கள் இருந்தால், அவற்றுக்கிடையிலான விசை சுமார் 9 லட்சம் டன் எடைக்குச் சமம். அதனால்தான் ஆய்வகத்திலும் பாடக் கணக்குகளிலும் மைக்ரோ கூலூம், நானோ கூலூம் அளவுகளே வருகின்றன. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையிலான மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைப் போல ஏறத்தாழ 10இன் 39ஆம் அடுக்கு மடங்கு. அணுவைப் பற்றிய கணக்கில் ஈர்ப்பு விசையை யாரும் சேர்ப்பதில்லை.

இரண்டு மின்துகள்களோடு விதி முடிந்துவிடுகிறது. மூன்றாவது வந்தால் என்ன ஆகும்? இயற்கை இங்கே ஒரு பெரும் எளிமையைத் தந்திருக்கிறது: ஒவ்வொரு இணையும், மற்றவை அங்கே இல்லாதது போலவே, ஒன்றன்மீது ஒன்று விசை செலுத்துகிறது. மொத்த விசை அவற்றின் வெக்டர் கூட்டல். இதுவே மேற்பொருந்துதல் தத்துவம். கூலூம் விதியிலிருந்து இதைத் தருவிக்க முடியாது. சோதனையால் தெரிந்துகொண்ட தனி உண்மை இது. இது மட்டும் இல்லாமல் போயிருந்தால், துகள் ஒன்று கூடும்போதெல்லாம் கணக்கை முதலிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

மின்புலம் என்ற கருத்தின் பயன் இங்கேதான் தெளிவாகிறது. ஓரிடத்தில் ஓரலகு நேர் மின்னூட்டத்தை வைத்தால் அது உணரும் விசையே அவ்விடத்தின் மின்புலம். புலத்தை ஒருமுறை கணக்கிட்டுவிட்டால் போதும். பிறகு எந்த மின்துகளை அங்கே வைத்தாலும், அதன் மின்னூட்டத்தால் புலத்தைப் பெருக்கினால் விசை கிடைத்துவிடும். நேர் மின்துகளின் புலம் அதிலிருந்து வெளிநோக்கியும், எதிர் மின்துகளின் புலம் அதை நோக்கியும் அமையும். ஒரு துகள் தன் புலத்தாலேயே தள்ளப்படுவதில்லை. மற்றவற்றின் புலம் மட்டுமே கணக்கில் வரும்.

ஓர் எடுத்துக்காட்டு. ‘அ’ என்ற புள்ளியில் +4 நானோ கூலூம். அதற்கு வலப்புறம் 40 செ.மீ. தள்ளி ‘ஆ’ என்ற புள்ளியில் -5 நானோ கூலூம். ‘அ’வுக்கு நேர் மேலே 30 செ.மீ. உயரத்தில் ‘ப’ என்ற புள்ளி. ‘ப’வில் புலம் என்ன?

‘அ’ தரும் புலம்: 900 கோடியை 4 நானோ கூலூமால் பெருக்கினால் 36, அதை 0.3இன் இருமடியான 0.09ஆல் வகுத்தால் 400 நியூட்டன்/கூலூம், நேர் மேல்நோக்கி. ‘ஆ’வுக்கும் ‘ப’வுக்கும் இடைத்தொலைவு 50 செ.மீ.; அது தரும் புலம் 45ஐ 0.25ஆல் வகுத்தால் வரும் 180, ‘ஆ’வை நோக்கி, அதாவது வலப்பக்கமாகக் கீழ்நோக்கி. அவசரப்படுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 400ஐயும் 180ஐயும் கூட்டி 580 என்றாலும் தவறு, கழித்து 220 என்றாலும் தவறு. 180ஐக் கூறுகளாகப் பிரிக்க வேண்டும். முக்கோணத்தின் பக்கங்கள் 3, 4, 5 என்ற விகிதத்தில் இருப்பதால் வலப்பக்கக் கூறு 180இல் ஐந்தில் நான்கு பங்கு, 144. கீழ்நோக்கிய கூறு ஐந்தில் மூன்று பங்கு, 108. ஆக, மேல்நோக்கி 400இலிருந்து 108 போக 292, வலப்பக்கம் 144. பித்தகோரஸ் தேற்றப்படி மொத்தப் புலம் ஏறத்தாழ 326 நியூட்டன்/கூலூம், கிடைக்கோட்டிலிருந்து சுமார் 64 பாகை மேல்நோக்கி. மின்னூட்டத்தின் குறியைத் திசை தீர்மானிக்கும்போதே பயன்படுத்திவிட்டதால், கூறுகளில் அதை மறுபடி நுழைக்கக் கூடாது. இப்போது ‘ப’வில் -2 நானோ கூலூம் துகளை வைத்தால், அதன்மீதான விசை ஒரு நியூட்டனில் ஏறத்தாழ கோடியில் ஆறரைப் பங்கு, திசை, புலத்துக்கு நேர் எதிர்.

புலம் சுழியாகும் புள்ளியைத் தேடுவதும் இதே வழிதான். 30 செ.மீ. இடைவெளியில் ஒரு மடங்கும் நான்கு மடங்குமாக இரு நேர் மின்துகள்கள் இருந்தால், சிறியதிலிருந்து 10 செ.மீ. தொலைவில், இரண்டுக்கும் இடையே புலம் சுழி. ஒன்று நேர், மற்றது எதிர் என்றால் நடுவில் தேடிப் பயனில்லை. அங்கே இரு புலங்களும் ஒரே திசையில் சேர்ந்துகொள்கின்றன. சிறிய மின்துகளுக்கு வெளிப்பக்கம், இரண்டையும் இணைக்கும் கோட்டின் நீட்சியில்தான் அந்தப் புள்ளி கிடைக்கும்.

சம அளவுள்ள நேர், எதிர் மின்துகள்கள் மிக அருகருகே இருந்தால் அது மின் இருமுனை. தொலைவிலிருந்து பார்க்கையில் அவை ஒன்றையொன்று ஏறக்குறைய ஈடுசெய்துவிடுவதால், புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்த்தகவில் விரைந்து குறைகிறது. தொலைவு இரட்டித்தால் தனித் துகளின் புலம் நான்கில் ஒன்றாகும்; இருமுனையின் புலமோ எட்டில் ஒன்றாகிவிடும். நீர் மூலக்கூறு இத்தகைய இருமுனைதான். நீருக்குள் இரு மின்துகள்களுக்கு இடையிலான விசை வெற்றிடத்தில் இருப்பதில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்காகத் தளர்கிறது. சோடியம், குளோரைடு அயனிகள் பிரிந்து உப்பு கரைவதற்கு நீரின் இந்த இருமுனைத் தன்மை முக்கியக் காரணம்.

உண்மையான பொருள்களுக்குப் பருமன் உண்டு. இடைத்தொலைவோடு ஒப்பிடுகையில் பொருள் மிகச் சிறியதாக இருந்தால் அதைப் புள்ளியாகக் கொள்ளலாம். மின்னூட்டம் சீராகப் பரவிய கோளத்துக்கு அந்த நிபந்தனையும் வேண்டியதில்லை. அதற்கு வெளியே, மின்னூட்டம் முழுவதும் மையத்தில் குவிந்திருப்பதாகவே கணக்கிடலாம். ஆனால் இரு உலோகக் கோளங்கள் நெருங்கி வந்தால், அவற்றின் பரப்பில் மின்னூட்டம் இடம்பெயர்ந்து சீரான பரவல் கலைந்துவிடும். மையத்தொலைவை வைத்துப் போட்ட கணக்கு அப்போது பொய்க்கும். கம்பி, வளையம், தட்டு போன்றவற்றுக்குப் பொருளை நுண்ணிய கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் புள்ளி மின்துகளாக்கி, அவை தரும் புலங்களைத் தொகையிடுதல் மூலம் கூட்ட வேண்டும்.