பத்தும் பத்தும் ஆயிரத்துப் பத்து

என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தம்பி ஐந்தாம் வகுப்பு. அவனை வீட்டுப்பாட நோட்டைத் திறக்க வைப்பதற்குள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும். அதே பையன் கேம் என்றால் சோறுகூடக் கேட்க மாட்டான். “அப்போ வீட்டுப்பாடத்தையே கேம் ஆக்கிட்டா என்ன மாமா?” என்று கேட்டுவிட்டு, காலாண்டு விடுமுறையில் உட்கார்ந்து அவனுக்காக ஒரு வலைத்தளமே செய்துவிட்டாள்.

திரையில் கணக்கு, தமிழ், அறிவியல், ஓவியம் என்று நான்கு கட்டங்கள். வேலையை முடித்து டிக் அடித்தால் 10 புள்ளி. தம்பி கணக்கை முடித்து டிக் அடித்தான். 10 வந்தது. தமிழை முடித்தான். 1010 வந்தது. அறிவியலுக்கு 101010! “நான் லட்சாதிபதி!” என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தார்.

எங்கே தப்பு நடந்தது? பக்கத்தை மூடினாலும் புள்ளி அழியாமல் இருக்க வேண்டுமே, அதற்காக பிரவுசருக்குள் ஒரு சின்ன அலமாரி உண்டு. லோக்கல் ஸ்டோரேஜ் என்று பெயர். அதில் நீங்கள் எதை வைத்தாலும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். பத்து என்ற எண்ணைக் கொடுத்தால், மறுமுறை கேட்கும்போது ஒன்று, சைபர் என்ற இரண்டு எழுத்துகளைத்தான் நீட்டும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலோ கூட்டல் குறிக்கு இரண்டு வேலை. இரு பக்கமும் எண் இருந்தால் கூட்டும். ஒரு பக்கம் எழுத்து வந்துவிட்டால் கூட்டாது, ஒட்டிவிடும். பூவும் மாலையும் சேர்ந்து பூமாலை ஆகிறதே, தமிழ் வகுப்பில் படிக்கும் அதே புணர்ச்சிதான்! அலமாரியிலிருந்து எடுத்ததை முதலில் ‘நம்பர்’ ஆக்கு, பிறகு கூட்டு என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தாள். மறுபடி முதலிலிருந்து அடித்துப் பார்த்தால் 10, 20, 30. லட்சாதிபதிக்கு முகம் தொங்கிப்போனது.

அவனைச் சமாதானம் செய்ய ஒரு பச்சைப் பட்டை வைத்தாள். புள்ளி சேரச் சேர அது நிரம்பும். நிரம்பினால் ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்காவில் கார் கழுவும் கடை ஒன்றில் இரண்டு வகை அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் 8 கட்டம், எல்லாம் காலி. இன்னொன்றில் 10 கட்டம், அதில் இரண்டுக்கு முதலிலேயே முத்திரை குத்தியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டுக்குமே 8 முறை கார் கழுவினால்தான் அட்டை நிரம்பும். காலி அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். முத்திரை அட்டைக்காரர்களில் 34 சதவீதம்! நூனெஸ், ட்ரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் இதை வெளியிட்டார்கள். பாதி தூரம் வந்துவிட்டோம் என்று தோன்றினால் கால் தானாகவே வேகமாக நடக்கும். கோயில் தெரியத் தொடங்கியதும் பாதயாத்திரைக்காரர்கள் நடக்கும் நடையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அக்கா மகள் பட்டையின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, முதல் ஐந்தில் ஒரு பங்குக்கு இலவசமாகவே பச்சை பூசிவிட்டாள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்கே பட்டை நிரம்பிவிட்டது. நோட்டு மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை. டிக் அடித்து, எடுத்து, மறுபடி அடித்து, ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்தாக அள்ளியிருக்கிறான். பரோட்டா கேட்டு வாசலில் நிற்கிறான்!

அவன்மேல் கோபப்பட முடியவில்லை. விரல் தட்டியதுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும், கணக்குப் போட்டது தெரியாது. எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அதைத்தான் ஆள் செய்வான். டிக்குக்குப் புள்ளி கொடுத்தால் டிக்தான் கிடைக்கும். இந்த மாதிரி வலைத்தளத்தில் வண்ணம், படம், சத்தம் எல்லாம் எளிது. எதை எண்ணுவது என்பதில்தான் மண்டை காயும். ஒரு நாளைக்கு ஒரு பாடத்துக்கு ஒரே டிக் என்று மாற்றினாள். கூடவே ஒரு பெட்டி: ‘இன்று எது கஷ்டமாக இருந்தது?’ அதில் ஒரு வரி எழுதினால்தான் டிக் விழும். ‘வகுத்தலில் மீதி வந்தால் பயமாக இருக்கிறது’ என்று அவன் எழுதியதைப் படித்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

ஓவியக் கட்டத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். அவள் விடவில்லை, ஏன் ஏன் என்று துளைத்தாள். 1973-இல் வெளியான ஒரு சோதனையைச் சொன்னேன். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில், ஸ்கெட்ச் பேனாவால் ஆசை ஆசையாக வரையும் குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் கிடையாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதிதான் வரைந்தார்கள். திடீரென்று பரிசு வாங்கியவர்களின் ஆசை குறையவில்லை. நம் பையன் சுவரில்கூட வரைகிறவன். அவனுக்கு எதற்குப் புள்ளி?

கடைசியாக ஒரு வம்பு. தொடர்ந்து எத்தனை நாள் முடித்தான் என்று எண்ணும் ‘ஸ்ட்ரீக்’ ஒன்றும் வைத்திருந்தாள். ஒன்பது நாள் ஆகியிருந்தது. பத்தாம் நாள் காய்ச்சல். பதினோராம் நாள் திறந்தால் சைபர்! பரமபதத்தில் உச்சிக்குப் பக்கத்தில் பெரிய பாம்பு கடித்து அடிக்கட்டத்தில் விழுவோமே, அப்படி. அழுதவன் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மொழி கற்றுத்தரும் டுவோலிங்கோ செயலியிலும் இப்படித் தொடர் கணக்கு உண்டு. ஒரு நாள் தவறினாலும் அதை உடையாமல் காக்க ‘ஸ்ட்ரீக் ஃப்ரீஸ்’ என்று ஒரு வசதியும் வைத்திருக்கிறார்கள். அக்கா மகள் அதைத் தன் தளத்தில் ‘காய்ச்சல் லீவு’ ஆக்கினாள். மாதத்துக்கு மூன்று.

போன ஞாயிறு பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே தம்பி ஒரு குறை சொன்னான்.

“இப்ப ரொம்ப ஈஸியா இருக்குக்கா. ஒரு பாம்பு வையேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் குருமாவைப் பார்த்தேன்.