விமானப் பொறியும் மரையாணியும்

வில்லியனூர்த் தேர் வீதிவலம் வருங்கால் நம் கண்கள் அதன் உயரத்திலும் அலங்காரத்திலும் சென்று பதியுமேயன்றி, சக்கரம் கழலாது காக்கும் கடையாணியை நோக்குவார் அரியர். ஆகாய விமானத்தின் திறத்திலும் இஃதொக்கும். இறகின் வடிவையும் பொறியின் குதிரைத் திறனையும் வியந்து பேசும் நாம், அப்பொறியைப் பிணித்து நிற்கும் மரையாணிகளை நினைப்பதில்லை. கடைத்தெருவில் போல்ட், நட்டு என வழங்கும் இச்சிறு பொருள்களைச் சிறு விமானங்களுக்குத் தேர்ந்து பெறுவது எங்ஙனம், அதிற் பிழை நேரின் விளைவது யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

முதற்கண் மரையின் வரலாறு அறியற்பாலது. தட்டார் கையாற் செய்த ஒரு தோட்டின் திருகாணி பிறிதொரு தோட்டின் சுரைக்குப் பொருந்துவது அருமை. முற்காலத்து யந்திரங்களின் நிலையும் இதுவே. ஒவ்வோர் ஆணிக்கும் அதற்கென்றே அமைந்த சுரையன்றி வேறு உதவாது. இங்கிலாந்தில் ஜோஸப் விட்வொர்த் என்பார் 1841-ல் இக்குறையை நீக்க முற்பட்டு, 55 பாகைக் கோணமுடைய மரையொன்றை வகுத்தார். அமெரிக்காவில் வில்லியம் ஸெல்லர்ஸ் என்பார் 1864-ல் 60 பாகைக் கோணத்தை வற்புறுத்தினார். ஐரோப்பியர் 1898-ல் ஜூரிச் நகரிற் கூடி, மில்லிமீட்டர்க் கணக்கில் அமைந்த மரையை ஏற்றனர். இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டார் தம்முள் ஒருவர் யந்திரத்தை மற்றொருவர் பழுதுபார்க்க இயலாது இடர்ப்பட்டமையால், பிரிட்டன், அமெரிக்கா, கானடா ஆகிய மூன்றும் 1948-ல் பொது அங்குல மரையொன்றுக்கு உடன்பட்டன.

இவ்வேற்றுமைகள் நம் நாட்டு விமானங்களிலேயே காணக்கிடக்கின்றன. பெங்களூரில் செய்யப்பெற்று 1951-ல் முதன்முறை பறந்த எச்.டி.2 என்னும் பயிற்சி விமானம் ஸிரஸ் மேஜர் என்ற ஆங்கிலப் பொறியைத் தாங்கியது. 1958-ல் பறந்த புஷ்பக் விமானத்துக்குக் காண்டினெண்டல் என்னும் அமெரிக்கப் பொறி வாய்த்தது. பின்னர்த் தேசிய விண்வெளி ஆய்வகத்தார் இயற்றிய ஹன்ஸா விமானத்துக்கு ஆஸ்திரிய நாட்டு ரோட்டாக்ஸ் பொறி பொருத்தப்பட்டது. ஒரே ஊரிற் பிறந்த மூன்று விமானங்களுக்கும் பொறி மூன்று தேயத்தது. மரையின் மரபும் அவ்வாறே.

ஒரு புறம் பிரெஞ்சு மீட்டரும் மறுபுறம் ஆங்கில அங்குலமும் அண்டை அயலாக வாழ்ந்த நம் புதுவைக்கு இச்சிக்கல் புதிதன்று. இதில் மயக்கந் தருவது, இரு முறைகளும் சிற்சில அளவுகளில் ஒன்றையொன்று ஒத்திருப்பதேயாம். அங்குலத்துக்கு 32 மரையுள்ள பத்தாம் எண் ஆணியின் குறுக்களவு 4.83 மில்லிமீட்டர், மரையிடைத் தூரம் 0.794 மில்லிமீட்டர். மெட்ரிக் முறையின் 5 மில்லிமீட்டர் ஆணிக்கோ மரையிடை 0.8 மில்லிமீட்டர். எனவே முன்னையது பின்னையதன் சுரையுள் எளிதிற் புகும். பொருந்தியது போலவே தோன்றும். ஆயின் மரைகள் முழுதும் பற்றாமையால், இறுக்கும்போதோ, பறக்கும்போதோ அது கைவிட்டுவிடும்.

ஆணியின் தொழில் யாது? அதனை இறுக்குங்கால் அஃது வில்போற் சிறிது நீண்டு, இரு பகுதிகளையும் ஒன்றோடொன்று நெருக்குகின்றது. இந்நெருக்கம் போதாதாயின் பொறியின் ஒவ்வொரு வெடிப்பும் ஆணியைத் தனித்தனியே இழுத்துத் தளர்த்தும். நிமிஷத்துக்கு 2,400 சுற்றுச் சுழலும் நான்கு-அடிப்புப் பொறியில் ஒரு ஸிலிண்டர் 1,200 முறை வெடிக்கும். ஒரு மணி நேரத்தில் 72,000 முறையாகும். ஒரு முறை இழுத்து ஒடியாத இரும்பும் இங்ஙனம் பன்முறை இழுக்கப்படின் களைத்து ஒடியும். இதனாலேயே இறுக்க வேண்டிய அளவைப் பொறி செய்தோர் வரையறுத்துள்ளனர். அவ்வளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்குகின்றனர். பிஸ்டனையும் சுழல்தண்டையும் இணைக்கும் கோலின் ஆணிகளைப் பொறி முழுதும் பிரித்துச் செப்பனிடும்போது புதியனவாக மாற்றுகின்றனர்.

"அங்ஙனமாயின் மிக்க வலியுடைய ஆணியைக் கடையில் வாங்கியிடலாகாதோ?" எனச் சிலர் வினவலாம். ஏ.என். என்னும் விமான ஆணி சதுர அங்குலத்துக்கு 1,25,000 ராத்தல் இழுவிசை தாங்கும். கடையிற் கிடைக்கும் 8.8 எனக் குறித்த ஆணியும் ஏறத்தாழ அவ்வளவே தாங்கும், 10.9 என்பது அதனினும் மிகுதி. ஆனால் மிகக் கடினமாக்கிய எஃகு, மேற்பூச்சிடுங்கால் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்குந் தன்மை எய்துவதுண்டு. அன்றியும், கடையாணி எவ்வுலையில் உருகியது, எவர் சோதித்தார் என்பதற்குச் சான்றில்லை. விமான ஆணியின் சிறப்பு வலிமையோடு அச்சான்றிலும் உளது.

சான்றைப் புறக்கணித்ததன் பயனை இரு நிகழ்ச்சிகள் காட்டும். 1990 ஜூன் 10-ஆம் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்று 17,000 அடிக்கு மேற் செல்லுகையில் முன்கண்ணாடி பெயர்ந்து, தலைமை விமானி இடுப்பளவு வெளியே இழுக்கப்பட்டார். உடனிருந்தோர் அவர் கால்களைப் பற்றிக்கொள்ள, துணை விமானி ஸௌதாம்ப்டனில் இறக்கினார். அனைவரும் உயிர் தப்பினர். கண்ணாடியைப் பிணித்த 90 ஆணிகளில் 84 குறுக்களவிற் சிறியவை. அவற்றை இட்டவர் நூலைப் பாராது, பழைய ஆணியைக் கையிற் கொண்டு கண்ணளவாற் பொருத்தி எடுத்தவர். இது கவனக்குறைவு. 1989 செப்டம்பர் 8-ல் நார்வே நாட்டு விமானமொன்று டென்மார்க்குக்கு அருகே கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். வாற்சிறகைப் பிணித்த ஆணிகள் போலியானவை என்று விசாரணையிற் புலப்பட்டது. இதன் வேர் வஞ்சகம்.

ஆதலின் ஆணி தேடுவோர் கைக்கொள்ளும் முறை இது. பொறியின் வகையையும் வரிசை எண்ணையும் கொண்டு, அதற்குரிய உறுப்புப் பட்டியலில் ஆணியின் எண்ணைக் காண்பர். கழற்றிய பழைய ஆணியை மாதிரியாகக் கொள்ளார், முன்னவர் இட்டதே பிழையாயிருத்தல் கூடுமாதலின். எண்ணே அளவை உரைக்கும்: ஏ.என். 4 என்பதில் 4 என்பது அங்குலத்தின் பதினாறில் நான்கு, அதாவது கால் அங்குலக் குறுக்களவு. மரையற்ற தண்டுப்பகுதி, பிணிக்கப்படும் பொருளின் கனத்துக்கு ஒத்ததாகத் தெரிந்தெடுப்பர். அனுமதி பெற்ற வணிகரிடம் வாங்கி, உறுப்புக்குரிய சான்றிதழை உடன் பெறுவர். வந்தபின் தலைக்குறியையும் மரையையும் அளவுகருவியாற் சரிபார்த்து, சான்றுடன் சேர்த்துப் பூட்டிவைப்பர்.

இம்முறையிற் காலமும் பொருளும் செலவாதல் உண்மையே. சிற்றாணியொன்று கடல் கடந்து வருமளவும் விமானம் கொட்டகையிற் கிடக்க நேரிடும். அந்நாட்களில், "இதுவும் பொருந்துகின்றதே" என்னும் எண்ணம் நெஞ்சிலெழும். அவ்வெண்ணத்துக்கு இடங்கொடாதவனே தொழிலறிந்தவன். லாஸ்பேட்டை விமானத்தளத்தில் நாளை வேலை பார்க்கவிருக்கும் மாணவர் நம்முள் இருத்தல் கூடும். சான்றில்லாத ஆணியை விலக்கிவைக்க ஒரு கணம் போதும். அதனை விலக்காது விட்டவன், மேலே பறப்போரின் உயிருக்கு விடைகூற வேண்டியவனாவான்.