மேடவாக்கத்துச் சேறு போய்ச் சேரும் இடம்

ஐப்பசியில் ஒரு மணி நேரம் நன்றாகப் பெய்துவிட்டு மழை ஓய்ந்தால், மேடவாக்கம் கூட்ரோட்டைச் சுற்றிய தெருக்களில் தண்ணீர் காவி நிறத்தில் ஓடும். அடுக்குமாடிக்காகத் தோண்டிக் குவித்த மண், வாசலில் கொட்டி மூடாமல் விட்ட எம்-சாண்ட், ரெடிமிக்ஸ் வண்டியைக் கழுவிய சிமெண்டுத் தண்ணீர் எல்லாம் அதில் கலந்திருக்கும். தாம்பரம்–வேளச்சேரி சாலையின் இருபுறமும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ தடமும் இந்த வழியேதான் வருகிறது. மண்ணைக் கிளறாத தெருவைத் தேடத்தான் வேண்டும்.

வடிகாலில் விழுவதெல்லாம் எங்கோ சுத்திகரிக்கப்படும் என்று பலரும் நினைக்கிறார்கள். கழிவுநீர்க் குழாய்க்குத்தான் அந்த யோகம். மழைநீர் வடிகாலில் விழுந்தது விழுந்தபடியே போகும். மேடவாக்கம் உட்பட, தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கூடி, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம் வழியாகக் கடலுக்குப் போகிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற சதுப்பு நிலம் அது.

சேறுதானே, அடியில் படிந்துவிடாதா? மணல் படியும். 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு மூன்று மணி நேரம் ஆகும். களிமண் துகளுக்கோ பத்து நாளுக்கு மேல். ஆகவே மணல் வடிகாலை அடைக்கும். களிமண் சதுப்பு வரை பயணம் செய்யும். காடு இருக்கும் நிலத்தைவிடக் கட்டுமான நிலத்திலிருந்து 1,000 முதல் 2,000 மடங்கு மண் அரித்துப் போகலாம் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. சிமெண்டுத் தண்ணீர் வேறு ரகம். அதன் பி.எச். 12ஐ எட்டும்; நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு நம் விதிகள் வைத்த உச்சவரம்பு 9.

தடுக்கும் வழிகளில் பெரிய தொழில்நுட்பம் ஏதுமில்லை. மண் குவியலைத் தார்ப்பாயால் மூடி, அதைச் சுற்றி மணல் மூட்டை அடுக்க வேண்டும். மனையின் தாழ்ந்த ஓரத்தில், மண்ணுக்குள் விளிம்பைப் புதைத்து வடிதுணி வேலி கட்ட வேண்டும். புதைக்காத வேலிக்கு அடியில் தண்ணீர் சிரித்துக்கொண்டே போய்விடும். லாரி வெளியேறும் வாசலில் பெருஜல்லி பரப்பினால் டயர் சேறு அங்கேயே உதிரும். கான்கிரீட் கழுவத் தார்ப்பாய் விரித்த தனிக் குழி வேண்டும். தண்ணீர் வற்றியதும் கட்டியை அள்ளிவிடலாம். நடைமுறையில் அதிகம் தவறுவது அஸ்திவாரக் குழியில்தான். ஊறும் நீரை மோட்டார் வைத்து நேரே வடிகாலுக்குள் இறைப்பது வழக்கமாகிவிட்டது. இடையில் ஒரு படிவுத் தொட்டி வைத்து, மேல்மட்டத் தெளிந்த நீரை மட்டும் விட்டால் மணலும் வண்டலும் பெருமளவு நின்றுவிடும். வடிகாலின் வாய்க்கு ஜல்லி மூட்டை வைப்பது கடைசி அரண். அதை மட்டும் வைத்துவிட்டு மற்றதை விட்டால் தெரு குளமாகும்.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. அங்கே பணியிடத்திலிருந்து வடிகாலுக்கு விடும் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் மிதக்கும் திடப்பொருள் இருக்கக் கூடாது. பெரிய பணியிடங்களில் நீர் வெளியேறும் இடத்தைக் கேமரா கவனிக்கிறது. அதே மேஸ்திரி ஊர் திரும்பி இங்கே வேலை பார்க்கும்போது கேட்பார் இல்லை.

இங்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், மாசுப் பொருளை நீரோட்டத்தில் சேர்ப்பதைத் தடை செய்கிறது. கட்டட இடிபாட்டுக் கழிவை வடிகாலில் போடக் கூடாது என்று 2016இல் தனி விதிகளே வந்தன. 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதிகளையே நிறுத்தி வைக்கச் சொன்னது. எங்கே கட்டலாம் என்பது பற்றிய உத்தரவு அது. ஏற்கெனவே எழும்பும் கட்டடம் மழையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டடங்களுக்குத்தான் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. மேடவாக்கத்தின் மூன்று மாடி, நான்கு மாடி வீடுகளில் பெரும்பாலானவை அந்த வலையில் சிக்காதவை. அமெரிக்காவில் ஒரு ஏக்கர் மண்ணைக் கிளறினாலே மழைநீர் அனுமதி பெற வேண்டும். இங்கே சிறிய மனைகளுக்கும் திட்ட அனுமதியுடன் சேற்றுத் தடுப்பு நிபந்தனையைச் சேர்த்து, புரட்டாசிக்குள் ஒரு முறையாவது நேரில் பார்வையிட சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) உள்ளாட்சிகளும் முன்வர வேண்டும்.