ஆரவாரமா, விளையாட்டா?

2008-ஆம் ஆண்டில் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது, எல்லைக் கோட்டருகே வண்ணப் பூங்கொத்துகள் போன்றவற்றை அசைத்து ஆடிய பெண்களைத் தொலைக்காட்சியில் கண்டு நம் குடும்பங்களில் பலர் முகம் சுளித்தனர். "சியர்லீடர்" என்னும் சொல் நம்மில் பெரும்பாலோர்க்கு அறிமுகமானது அப்பொழுதுதான். ஆகவே, "சியர்லீடிங் ஒரு விளையாட்டா?" என்று எவரேனும் கேட்டால், "இதிலும் ஐயமா?" என்று நகைக்கவே தோன்றும். ஆனால் அமெரிக்காவில் மருத்துவர்களும் நீதிபதிகளும் பல ஆண்டுகள் ஆராய்ந்த வினா இது. அதன் விடையைப் பொறுத்தே ஆயிரக்கணக்கான சிறுமியரின் கைகால்களும், சிலரது உயிரும்கூடப் பாதுகாப்புப் பெறுகின்றன.

ஆண்களால் தொடங்கப்பட்டது

பெண்களுக்கே உரியது என்று இன்று கருதப்படும் இக்கலையைத் தொடங்கியவர்கள் ஆண்கள் என்பது வியப்புக்குரியது. 1898 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கால்பந்துக் குழு தொடர் தோல்விகளால் சோர்ந்திருந்தது. அப்போது ஜானி கேம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னே வந்து, முழக்கத்தை எடுத்துக் கொடுத்து, அனைவரையும் ஒரே குரலில் முழங்கச் செய்தார். அதுவே இதன் தொடக்கம் என்பர். ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் இது ஆண்களின் பணியாகவே இருந்தது. பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களான ஐசனோவரும், ரொனால்டு ரேகனும், இளைய புஷ்ஷும் தங்கள் மாணவப் பருவத்தில் இப்பணியைச் செய்தவர்களே. 1923 அளவில் மினசோட்டாவில் பெண்கள் இடம் பெற்றனர். இரண்டாம் உலகப் போருக்கு இளைஞர்கள் சென்றபின் பெண்களே இதில் பெரும்பான்மையினராயினர்.

இன்று இது இரு கிளைகளாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று, பிறர் ஆடும் ஆட்டத்தின் ஓரத்தில் நின்று உற்சாகமூட்டுவது. மற்றொன்று, தன் பொருட்டே நடைபெறும் போட்டி. நாம் ஆராய வேண்டியது இந்த இரண்டாவது கிளையையே.

இரண்டரை நிமிடத் தவம்

போட்டி சியர்லீடிங்கில் ஒரு குழுவுக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய இரண்டரை நிமிடம். அதற்குள் அவர்கள் கரணமடிக்க வேண்டும். ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் அமைக்க வேண்டும். தோழியரின் பின்னிய கைகளிலிருந்து ஒருத்தி மேலே எறியப்பட்டு, காற்றில் சுழன்று, மீண்டும் அவர்கள் கைகளிலேயே வந்து விழ வேண்டும். கீழே நின்று தாங்குவோருக்கு வலிமை தேவை. மேலே எழுபவளுக்கோ வலிமையோடு அசையாத நம்பிக்கையும் தேவை. ஒருவரது கை ஒரு கணம் பிந்தினால் மற்றவரின் கழுத்து முறியலாம். நடுவர்கள் செயலின் கடினத்தையும் செம்மையையும் நோக்கி மதிப்பெண் இடுகின்றனர். பிழைக்கு மதிப்பெண் குறைக்கின்றனர்.

"நடுவரின் கருத்தால் முடிவாகும் ஒன்று விளையாட்டாகுமா?" என்று சிலர் தடை எழுப்புவர். அவ்வாறாயின் ஜிம்னாஸ்டிக்ஸையும், நீரில் பாயும் டைவிங் போட்டியையும், பனிச்சறுக்கு நடனத்தையும் ஒலிம்பிக்கிலிருந்து நீக்க வேண்டியதாகும். உடல் உழைப்பு, பயிற்சி, விதிமுறை, வெற்றி தோல்வி ஆகிய நான்கும் இங்கே உள்ளன. உலக சியர் ஒன்றியத்திற்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2016-இல் தற்காலிக ஏற்பும், 2021-இல் முழுமையான ஏற்பும் அளித்தது. எனினும், இந்த ஏற்பு வேறு, ஒலிம்பிக் போட்டிகளில் இடம் பெறுவது வேறு. அந்த இடம் இதற்கு இன்னும் கிட்டவில்லை.

நீதிமன்றம் சொன்னது

மறுபக்கத்தையும் நாம் நேர்மையுடன் நோக்க வேண்டும். கல்வி நிலையங்களில் பால் வேற்றுமை காட்டலாகாது என 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்காவில் விதித்தது. அதன்படி பெண்களுக்கும் விளையாட்டில் தக்க வாய்ப்பளிக்கக் கல்லூரிகள் கடமைப்பட்டுள்ளன. 2009-இல் கனெக்டிகட் மாநிலத்தின் குயினிப்பியாக் பல்கலைக்கழகம், பெண்கள் கைப்பந்துக் குழுவைக் கலைத்துவிட்டுச் சியர்லீடிங் குழுவை அமைக்க முனைந்தது. கைப்பந்து வீராங்கனைகள் தங்கள் பயிற்சியாளருடன் சேர்ந்து வழக்குத் தொடர்ந்தனர். அச்சட்டத்தின் நோக்கில் சியர்லீடிங் விளையாட்டாகாது என 2010-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

இத்தீர்ப்பின் உட்பொருள் கவனித்தற்குரியது. அப்பெண்களின் திறமையையோ உழைப்பையோ நீதிமன்றம் குறைத்து மதிப்பிடவில்லை. போட்டிக்குப் போட்டி விதிகள் மாறுபடுகின்றன, அமைப்பு ஒழுங்குபடவில்லை, ஆகவே இன்றைய நிலையில் ஏற்பதற்கில்லை, வருங்காலத்தில் தகுதி பெறலாம் என்பதே அதன் கருத்து. ஒரு பெண்ணுக்கு நியாயம் வழங்க இன்னொரு பெண்ணின் வாய்ப்பைப் பறிக்கலாகாது என்ற உண்மையும் அந்த வழக்கிலிருந்து விளங்குகிறது.

பெயரில் என்ன இருக்கிறது?

"விளையாட்டு என்று அழைத்தால் என்ன, அழைக்காவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். பெயரில்தான் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. அமெரிக்காவில் சியர்லீடிங்கால் காயமுற்று மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வந்தோர் 1980-இல் சுமார் 5,000 பேர். 2007-இல் இத்தொகை 26,000-க்கும் மேற்பட்டது. மொத்தக் காயங்களின் விகிதம் பிற பெண்கள் விளையாட்டுகளைக் காட்டிலும் குறைவே. ஆயினும், உயர்நிலைப் பள்ளி வீராங்கனைகளுக்கு ஒரு கால் நூற்றாண்டில் நேர்ந்த மிகக் கொடிய காயங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சியர்லீடிங்கால் விளைந்தவை. மண்டையோடு உடைதலும் முதுகுத்தண்டு சிதைதலும் அவற்றுள் அடங்கும்.

இதனாலேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2012-இல் இதனை விளையாட்டாக அறிவிக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. அமெரிக்க மருத்துவச் சங்கமும் 2014-இல் இதனையே வலியுறுத்தியது. விளையாட்டு என்ற தகுதி வந்தால், தேர்ச்சி பெற்ற பயிற்சியாளரும், முன்கூட்டிய உடற்பரிசோதனையும், பாதுகாப்பான பயிற்சியிடமும், காயங்களைப் பதிவு செய்யும் முறையும் உடன் வரும். அத்தகுதி இல்லாத இடத்தில், கால்பந்து வீரனுக்கு மருத்துவ உதவியாளர் அருகிலிருக்க, அவனை வாழ்த்தி வானில் எழும் சிறுமி கடினமான தரையின்மேல் பயிற்சி செய்யும் நிலை ஏற்படுகிறது. இது நீதியா?

பெற்றோரின் பணப்பைக்கும் இதில் தொடர்புண்டு. போட்டி, பயிற்சி முகாம், சீருடை ஆகிய துறைகளைத் தம் பிடிக்குள் வைத்து மிகை விலை பெற்றதாகப் பெற்றோர் தொடுத்த ஒரு வழக்கில், 2024-இல் 8 கோடியே 25 லட்சம் டாலர் வழங்க உடன்பாடு ஏற்பட்டது. பொறுப்பான பொது அமைப்பு கண்காணிக்காத இடத்தில் வணிகம் முந்திக்கொள்கிறது என்பதை இது உணர்த்துகிறது.

நம் முடிவு

எனவே, ஓரத்தில் நின்று கைதட்டச் செய்வது விளையாட்டன்று; அது வேறொருவரின் விளையாட்டுக்குச் செய்யும் துணை. போட்டியாக நடைபெறும் சியர்லீடிங்கோ, விதிகளும் அமைப்பும் ஒழுங்குபடும் அளவுக்கு, விளையாட்டு என்ற பெயருக்கு முழு உரிமை உடையது. ஆனால் அப்பெயரைப் பிற பெண்களின் வாய்ப்பைக் குறைக்கும் கருவியாக எவரும் பயன்படுத்தலாகாது.

நம் இல்லங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. மகன் கிரிக்கெட் மட்டையுடன் புறப்பட்டால் "விளையாடப் போகிறான்" என்கிறோம். மகள் நடனத்திற்கோ உடற்பயிற்சிக்கோ புறப்பட்டால் "பொழுது போக்கப் போகிறாள்" என்கிறோம். அவள் சிந்தும் வியர்வையும் வியர்வையே. அவள் விழுந்தால் முறிவதும் எலும்பே. அவள் பயிலும் இடத்திற்கு ஒருமுறையேனும் நேரில் செல்வோம். தரை எப்படி இருக்கிறது, கற்பிப்பவர் தகுதியுடையவரா, அடிபட்டால் என்ன ஏற்பாடு என்று கேட்போம். பெயரைப் பற்றிய வழக்கை அறிஞர்கள் முடிவு செய்யட்டும். அதுவரை நம் பிள்ளைகளைக் காப்பது நம் கடமை.